கீல் வைத்த பெஞ்சுகள்

விற்பனைக்கு வந்திருந்த சொத்தின் வரைபடத்தில் சிவப்புக் கோடு தேவாலயத்தின் வெளிச்சுவரை ஒட்டியே ஓடி, மூலைக்கு மூலை சுவரோடு திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிந்தது. சுவருக்கு அப்பால் ஓர் அடி மண்கூட அந்தச் சொத்தில் சேரவில்லை. சுற்றிலும் கல்லறைத் தோட்டம். அது உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தம். வாங்குகிறவர் வாசற்படியை விட்டு இறங்கினால் பிறர் நிலத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிராமத் தேவாலயங்களில் இது அபூர்வம் அல்ல. பழைய சட்டப்படி ஒரு சேகரத்தில் நிலம் வைத்திருந்தவர்கள்தான் அங்குள்ள கோயிலையும் போதகர் வீட்டையும் கட்டித் தந்து பராமரிக்க வேண்டும். ஹெரிட்டர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் அந்தக் கோயிலுக்கு வருகிறார்களா, வேறு சபையைச் சேர்ந்தவர்களா என்று யாரும் கேட்கவில்லை. நிலம் இருந்தால் கடமையும் இருந்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஏற்பாட்டை முடித்து வைத்தது. கட்டடங்கள் படிப்படியாக ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொது அறங்காவலர்களிடம் போயின. கல்லறைத் தோட்டங்கள் உள்ளாட்சியிடம் போயின. ஞாயிறுதோறும் ஆராதனை நடந்த காலத்தில் இந்தப் பிரிவினை யாருக்கும் உறுத்தவில்லை. ஆராதனை நின்று கட்டடம் சந்தைக்கு வரும்போதுதான் கேள்விகள் எழும். குடிநீர் எந்த வழியாக உள்ளே வரும்? கழிவுநீர் எந்த வழியாக வெளியே போகும்?

இரண்டாவது கேள்வியோடுதான் வழக்கு என்னிடம் வந்தது. எண்பதைத் தாண்டிய ஓர் அம்மையார் கையெழுத்தில் கடிதம் எழுதியிருந்தார். தேவாலயத்தை வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள் அதை வீடாக மாற்ற அனுமதி கேட்டிருக்கிறார்கள், வடக்குப் பக்கமாகக் கல்லறைகளுக்கு இடையே செப்டிக் டேங்குக்குக் குழாய் போடப்போகிறார்கள், அந்தத் தடத்தில்தான் தன் தாய் தந்தையின் கல்லறை இருக்கிறது, இதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்டிருந்தார். ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நாட்டின் வடகிழக்கில், பார்லி வயல்கள் மலையடிவாரத்தில் போய் முடியும் ஒரு பள்ளத்தாக்கு என்று மட்டும் சொல்கிறேன்.

நான் சென்னையில் சட்டம் படித்தவன். எடின்பரோவுக்கு வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும் நீதிமன்றங்களையும் திருச்சபையையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே இங்கே சொத்துச் சட்டம் தனி. கோயில்களைப் பொறுத்தவரை எனக்கு முன்பே பழக்கமானது ஒன்று உண்டு. சென்னை எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டி 1821-இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்: வட்டக் கூடம், பதினாறு தூண்கள், நீல வண்ணம் பூசிய குவிமாடம். அந்த நினைவோடு போனவனுக்கு இந்தப் பள்ளத்தாக்குக் கோயில் களஞ்சியம் மாதிரி தெரிந்தது. நீண்ட, தாழ்ந்த, கரடுமுரடான கல் கட்டடம். முகட்டுச் சுவரின் உச்சியில் ஒரு சிறு மணிக்கூண்டு. கோபுரம் இல்லை. வண்ணக் கண்ணாடி இல்லை. சிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே நின்று பார்த்தால், இதற்காகவா இவ்வளவு போராட்டம் என்று கேட்கத் தோன்றும்.

உள்ளே போனால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். ஆனால் பார்க்கும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

1560-இல் சீர்திருத்தம் வந்தபோது ஸ்காட்லாந்தின் கிராமங்களில் புதிய கோயில் கட்ட யாரிடமும் பணமில்லை. ஏற்கெனவே இருந்தவை கிழக்கு மேற்காக நீண்டு ஒடுங்கிய இடைக்காலக் கோயில்கள். கிழக்குக் கோடியில் பலிபீடம் இருந்தது; மக்கள் அதை நோக்கி நின்றார்கள். புதிய சபைக்குப் பலிபீடம் வேண்டாம், பிரசங்கம் கேட்க வேண்டும். ஒடுங்கிய கட்டடத்தின் ஒரு கோடியில் போதகர் நின்று பேசினால் மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால் பிரசங்க பீடத்தைத் தூக்கித் தெற்கு நெடுஞ்சுவரின் நடுவில் வைத்தார்கள். இருபுறமும் உயரமான ஜன்னல் திறந்து, போதகர் வேதத்தை வாசிக்க வெளிச்சம் வரச் செய்தார்கள். கிழக்கு நோக்கியிருந்த சபை முழுவதும் பீடத்தைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தது. பிறகு பீடத்துக்கு நேர் எதிரே, வடக்குச் சுவரை உடைத்து ஒரு சிறகு சேர்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ‘டி’ போல இருக்கும். ஸ்காட்லாந்து கிராமங்களின் ஆகப் பழகிய கோயில் வடிவம் இதுதான். தச்சர்களும் கொத்தர்களும் ஒரு தேவைக்குக் கண்டுபிடித்த வடிவம். 1823-இல் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி, தாமஸ் டெல்ஃபர்டின் மேற்பார்வையில் மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் 32 கோயில்கள் எழுப்பியபோதுகூட இந்த வடிவத்தையே பெரிதும் பின்பற்றினார்கள். எழும்பூரில் வட்டமாகக் கட்டியதும் எல்லோருக்கும் பிரசங்கம் கேட்க வேண்டும் என்ற இதே தேவைக்குப் பொருந்துகிறது என்பது எனக்கு அந்தப் பள்ளத்தாக்கில்தான் உறைத்தது.

வடக்குச் சிறகின் மாடம் நிலக்கிழாருக்கு உரியது. அவர் வெளியிலிருக்கும் தனிப் படிக்கட்டில் ஏறி வருவார். ஊரார் வரும் கதவைத் தொட வேண்டியதில்லை. மாடத்துக்குப் பின்னால் கணப்பு வைத்த ஓய்வறையும் இருக்கும். எடின்பரோவுக்கு மேற்கே ஆபர்கார்ன் கோயிலில் ஹோப்டவுன் குடும்பத்துக்கு வில்லியம் புரூஸ் 1708 வாக்கில் கட்டித் தந்த மாடம் இவ்வகையில் மிகச் சிறந்தது. எங்கள் கோயில் மாடம் அந்த ஆடம்பரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது பலகைகளில் அப்படியே எழுதிவைத்தது போல இருந்தது: மாடத்தில் நிலக்கிழார், அதன் அடியில் அவருடைய குத்தகைக்காரர்கள், கிழக்குக் கோடியில் நெசவாளர்கள், பீடத்தின் அடிவாரத்தில் மூப்பர்கள். தவறு செய்தவர்கள் சபைக்கு முன் உட்கார வைக்கப்பட்ட முக்காலி நின்ற இடத்தையும் அம்மையார் காட்டினார். பீடத்தின் பக்கவாட்டில் ஞானஸ்நானக் கிண்ணம் வைக்கும் இரும்பு வளையம் இன்னும் இருந்தது.

அவருடைய தந்தை அந்தக் கோயிலின் கடைசி பீடில். மணியடிப்பது, அடுப்பு மூட்டுவது, ஆராதனை தொடங்கும்போது வேதப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு போதகருக்கு முன்னால் நடந்து பீடத்தில் வைப்பது எல்லாம் அவர் வேலை. அம்மையார் சிறுமியாக அந்தத் தரையைத் துடைத்தவர். எந்தப் பலகை கிறீச்சிடும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் கல்லறை விஷயத்தைக் கவனித்தேன். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் புதைகுழியைக் கலைப்பது வழக்காற்றுச் சட்டப்படி குற்றம். எலும்பை எடுக்க வேண்டுமானால் ஷெரிஃப் நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். வாங்குகிறவர்களின் பொறியாளர் வடக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கே நடுகற்கள் குறைவு என்பது. கல் இல்லாத இடமெல்லாம் காலியிடம் ஆகாது. தெற்கில் வெயில் விழும். வசதியுள்ளவர்கள் அங்கே இடம் கேட்டு வாங்கிக் கல்லும் நட்டார்கள். வடக்கில் கல் வைக்க வழியில்லாதவர்கள் கிடக்கிறார்கள், அதுவும் பல நூற்றாண்டுகளாக, ஒருவர் மேல் ஒருவராக. நிலத்துக்குச் சொந்தக்காரரான உள்ளாட்சி மன்றம் சம்மதிக்காமல் குழாய் போட முடியாது. தொல்லியல் அறிக்கை வரும்வரை சம்மதம் பற்றிப் பேச்சில்லை என்று எழுத்தில் வாங்கினேன். அம்மையார் கேட்டது அவ்வளவுதான். ஒரு கடிதத்தில் அவருடைய வேலை முடிந்திருக்கும்.

ஆனால் விண்ணப்பத்தின் மற்ற பக்கங்களைப் படித்தபோது குழாய் சின்ன விஷயம் என்று புரிந்தது. கோயிலின் குறுக்கே புதிய தளம் போட்டு மேலே படுக்கையறைகள். பீடத்தைக் கழற்றி ஏலம். மாடத்தின் முகப்பை வெட்டி மாடிப்படிக்குக் கைப்பிடி. பெஞ்சுகள் எல்லாவற்றையும் பெயர்த்து விற்பனை. நாலு சுவரும் கூரையும் நிற்கும், அவ்வளவே.

இங்கே சட்டத்தின் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். 1997-ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கட்டடங்கள் சட்டம், ஆராதனை நடக்கும் தேவாலயத்துக்கு விலக்கு அளிக்கிறது. வெளிப்புறத்தை மாற்றுவதற்குத் திருச்சபைகள் தாமாக முன்வந்து அனுமதி கேட்கும் ஏற்பாடு உண்டு. உட்புறம் சபையின் விருப்பம். ஆராதனை நின்றுவிட்டால் விலக்கும் நின்றுவிடும். அதன்பின் உள்ளே ஒரு பலகையை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். ஊரார் கோயிலை இழந்துவிட்டோம் என்று வருந்திக்கொண்டிருந்த அதே நாளில்தான் அதன் உட்புறத்துக்கு முதன்முறையாகச் சட்டப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைத்திருந்தது. இதை அம்மையாரிடம் விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் பெஞ்சுகளுக்காகவும் பேசுங்கள்” என்றார்.

உள்ளாட்சி அனுமதி மறுத்தது. விண்ணப்பதாரர்கள் ஸ்காட்லாந்து அமைச்சர்களுக்கு மேல்முறையீடு செய்தார்கள். அமைச்சர்கள் சார்பில் விசாரிக்க ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டார். ஆட்சேபம் தெரிவித்தவர் என்ற முறையில் அம்மையாருக்கு அங்கே பேச இடமுண்டு.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமைசாலி, நேர்மையானவர். மூன்று வாதங்கள் வைத்தார். பெஞ்சுகள் மேசை நாற்காலி போன்ற அசையும் பொருள்கள், கட்டடத்தின் பகுதி அல்ல. இரண்டாவது, அவை விக்டோரியா காலத்தில் மொத்தமாகச் செய்து போட்டவை, நூறு கோயில்களில் இருப்பவை. மூன்றாவது வாதம்தான் என்னைத் தூங்கவிடாதது: குடியிருக்க ஆள் வராவிட்டால் கூரை போகும், கூரை போனால் பெஞ்சும் பீடமும் மழையில் அழுகும், பிறகு எதைப் பாதுகாப்பீர்கள்?

அதில் உண்மை இருந்தது. ஸ்காட்லாந்தின் கிராமங்களில் கூரையிழந்த பழைய கோயில்கள் ஏராளம். 1843-இல் திருச்சபை பிளந்தபோது 470-க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறி ஊர் ஊராகப் போட்டிக் கோயில்கள் எழுப்பினார்கள். 1929-இல் பெரும்பகுதி மறுபடி ஒன்று சேர்ந்தபோது சிற்றூரில்கூட இரண்டு மூன்று கட்டடங்கள் மிஞ்சின. 1950-களில் 13 லட்சம் பேருக்கு மேல் உறுப்பினராக இருந்த திருச்சபையில் இன்று 3 லட்சம் பேர்கூட இல்லை. கட்டடங்களை விற்காமல் திருச்சபையால் தாங்க முடியாது. அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வீடாக மாறிய கோயில்களிலும் நன்றாக வாழ்பவை உண்டு.

முதல் இரண்டு வாதங்களுக்கு விடை தேடி எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். ஹெரிட்டர்கள் தங்கள் கூட்டங்களுக்குக் குறிப்பேடு வைத்திருந்தார்கள். யார் எவ்வளவு பணம் தர வேண்டும் என்ற சண்டைகள்தான் பெரும்பாலும். சண்டை போட்டவர்கள் கணக்கைத் துல்லியமாக எழுதுவார்கள், அது வழக்கறிஞனுக்கு வரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இருக்கை புதுப்பித்ததற்குத் தச்சருக்குத் தந்த தொகை அதில் இருந்தது. மரத்தின் விலைக்குக் கீழே, கொல்லருக்குக் கீல்களுக்கும் கொக்கிகளுக்கும் தனியாகக் கொடுத்த பணம். பெஞ்சுக்கு எதற்குக் கீல்?

அம்மையாரிடம் தொலைபேசியில் கேட்டேன். “திருவிருந்துக்குத்தான்” என்றார், இது தெரியாதா என்ற குரலில்.

ஸ்காட்லாந்துச் சபையில் திருவிருந்தை முழந்தாளிட்டு வாங்கும் வழக்கம் இல்லை. இயேசுவும் சீடர்களும் பந்தியில் இருந்ததுபோல நீண்ட மேசையில் உட்கார்ந்து அப்பத்தையும் இரசத்தையும் ஒருவருக்கொருவர் கைமாற்றினார்கள். ஈயத்தில் வார்த்த சிறு வில்லைகளை மூப்பர்கள் முன்கூட்டியே தகுதியானவர்களுக்குத் தருவார்கள். அதைக் கொடுத்தால்தான் மேசையில் இடம். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்காரும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நடக்கும் விருந்துக்குச் சின்னக் கோயிலில் அவ்வளவு பெரிய மேசையை எங்கே வைப்பது? தச்சர்கள் வழி கண்டார்கள். நடுவிலுள்ள பெஞ்சுகளின் முதுகுப் பலகையைக் கீலில் திரும்பும்படி செய்தார்கள். கொக்கியை விடுவித்துப் பலகையைக் கிடத்தினால் ஒன்றையடுத்து ஒன்றாக மேசை நீளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பந்தி முறை மெல்ல மெல்ல மறைந்து, அவரவர் இருக்கையிலேயே அப்பம் வாங்கும் வழக்கம் வந்தது. நீண்ட மேசைகளில் பெரும்பாலானவை விறகாகப் போயின. சவுத் யூயிஸ்ட் தீவில் ஹோமோர் கோயிலில் நடுமேசை இன்றும் இருக்கிறது. அப்படி மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணலாம். இங்கே பீடில் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கீல்களுக்கு எண்ணெய் விடுவதை அவர் குடும்பம் நிறுத்தவே இல்லை.

தச்சு வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய்த் தரைப் பலகை ஒன்றைத் தூக்கிப் பார்த்தோம். பெஞ்சுகளின் கால்கள் தரையின் மேல் நிற்கவில்லை. தரையைத் துளைத்து இறங்கி, அடியிலுள்ள உத்தரங்களில் பொருந்தியிருந்தன. பெஞ்சுகளை முதலில் நிறுத்தி, அவற்றைச் சுற்றிப் பலகையை வெட்டித் தரை போட்டிருக்கிறார்கள். அசையும் பொருள் என்ற வாதத்துக்கு இதுவே போதும். இருந்தாலும் 1949-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வைத்தேன்: ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள ஒரு தோட்டக் குடில் எந்த ஆணியும் இல்லாமல் தன் பாரத்திலேயே நின்றது, அதுவும் நிலத்தோடு சேர்ந்த சொத்துதான் என்று அமர்வு நீதிமன்றம் சொன்னது. அந்தக் குடிலே நிலத்தின் பகுதி என்றால், உத்தரத்தில் பூட்டிய பெஞ்சைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

விசாரணை அலுவலர் இடத்தைப் பார்க்க வந்தார். பார்வையிடும் நேரத்தில் வாதம் செய்யக் கூடாது, பொருளைச் சுட்டிக்காட்ட மட்டும் அனுமதி. அம்மையாரும் பக்கத்துப் பண்ணைக்காரரும் கொக்கிகளை விடுவித்தார்கள். அவர் ஒரு முனை, இவர் ஒரு முனை. பலகைகள் சத்தமில்லாமல் கவிழ்ந்தன. பீடத்தின் அடியிலிருந்து கிழக்குச் சுவர் வரை மேசை நீண்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குனிந்து கீலைத் தொட்டுப் பார்த்தார். அலுவலர் ஒன்றும் சொல்லாமல் அளவெடுத்துக் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது வாதத்துக்கு எழுத்தில் விடை தந்தேன். அதில் குரோய்க் கோயிலைக் குறிப்பிட்டேன். டெல்ஃபர்ட் காலத்துக் கோயில்களில் ஒன்று. 1845-இல் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியானவர்கள் அந்தக் கோயில் முற்றத்தில் ஒண்டிக்கிடந்தபோது ஜன்னல் கண்ணாடியில் தங்கள் நிலையைக் கீறி வைத்தார்கள். எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. காற்று புகுகிறது என்று யாராவது நல்லெண்ணத்தோடு கண்ணாடியை மாற்றியிருந்தால் சுவர்கள் நின்றிருக்கும், சாட்சியம் போயிருக்கும். எங்கள் கோயிலில் சாட்சியம் கண்ணாடியில் இல்லை, இருக்கைகளின் வரிசையில் இருக்கிறது. யார் உயரத்தில் உட்கார்ந்தார், யார் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார், அதே மக்கள் ஆண்டில் ஓரிரு நாள் ஒரே மேசையில் எப்படிக் கைமாற்றி உண்டார்கள் என்பது முழுதும் அந்த மரவேலையில்தான் தெரிகிறது. வீடாக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஓய்வறையையும் வடக்குச் சிறகையும் எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தை விட்டுவைக்க முடியுமா என்று யோசித்த வரைபடம் ஒன்றுகூட விண்ணப்பத்தில் இல்லை என்பதே எங்கள் குறை. குரோமார்ட்டியின் கிழக்குக் கோயில் மாடங்களோடும் பெஞ்சுகளோடும் ஓர் அறக்கட்டளையின் கையில் நல்ல நிலையில் இருப்பதையும் காட்டினேன்.

மேல்முறையீடு தள்ளுபடியானது. பீடம், மாட முகப்பு, கீல் பெஞ்சுகள் மூன்றும் கட்டடத்தின் பகுதி என்றும், அவற்றை இழப்பது கட்டடத்தின் தனித்தன்மையையே இழப்பது என்றும், மாற்று வழிகள் ஆராயப்படவில்லை என்றும் அலுவலர் எழுதினார். அனுமதி கிடைத்தால் மட்டுமே விற்பனை என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் வாங்குகிறவர்கள் விலகிக்கொண்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கசப்பில்லை. வெளிச்சமான பெரிய வீடு வேண்டும் என்று ஆசைப்பட்ட இளம் தம்பதி.

இனி பொறுப்பு ஊரார் தலையில். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, ஊர்ச் சமூகம் ஓர் அமைப்பாகப் பதிவு செய்து, பத்தில் ஒருவரின் ஆதரவுக் கையெழுத்தாவது காட்டி, ஒரு சொத்தில் தன் அக்கறையைப் பதிந்துகொண்டால், சொத்து விற்பனைக்கு வரும்போது வாங்கும் முதல் உரிமையை அதற்குத் தருகிறது. விலையை நடுநிலை மதிப்பீட்டாளர் சொல்வார். ஊர் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பண்ணைக்காரர், பள்ளி ஆசிரியை, அஞ்சல் வண்டி ஓட்டுநர், கோயிலுக்கே போகாத இரண்டு குடும்பத்தினர் சேர்ந்து அந்த அமைப்பைத் தொடங்கினார்கள். கோயிலுக்குப் போகாதவர்கள்தான் அதிகம் உழைத்தார்கள் என்பதை நான் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

குழாய்ப் பிரச்சினைக்கும் வழி பிறந்தது. கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, பண்ணைக்காரர் தன் வயலின் மூலையைத் தந்தார். கழிப்பறை அங்கே. வழியுரிமைப் பத்திரத்தை நான் எழுதிக் கொடுத்தேன். முன்பு யாரோ சுவருக்குப் பூசியிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போடும் வேலை தொடங்கியது. சிமெண்டுக்குள் சிக்கிய ஈரம்தான் உத்தரங்களின் முனைகளை அரித்துக்கொண்டிருந்தது.

கிரயம் முடியும் முன் ஒன்று மட்டும் வற்புறுத்தினேன். ஊர் அமைப்பும் ஒருநாள் கலையலாம், கோயில் மறுபடி விற்பனைக்கு வரலாம். 2003-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், சொத்தின் மீது பாதுகாப்புச் சுமை ஒன்றை ஏற்றிவைக்க இடம் தருகிறது. அமைச்சர்கள் அங்கீகரித்த பாதுகாப்பு அமைப்பு அதைக் கையில் வைத்திருக்கும், எத்தனை கை மாறினாலும் சுமை சொத்தோடு போகும். அட்டவணையை நானே எழுதினேன். பிரசங்க பீடம், அதன் மேலுள்ள ஒலிக்கூரை, ஞானஸ்நானக் கிண்ணத்தின் இரும்பு வளையம், மாட முகப்பு, வெளிப்படிக்கட்டு, பெஞ்சுகள். கீல்களையும் கொக்கிகளையும் தனி வரியாகச் சேர்க்கச் சொன்னவர் அம்மையார். சேர்த்தேன். நிலப் பதிவேட்டில் அது இருக்கிறது.